மூன்று வயதுப் பிள்ளையோடு சிங்கப்பூர்: விமானம் சரி, தீம் பார்க்?

நீங்கள் கேட்டது இதுதான். மகனுக்கு 2 வயது 9 மாதம். சிங்கப்பூருக்கு ஐந்து நாள் போக வேண்டும், அதில் ஒரு முழு நாள் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் தீம் பார்க் என்பது உங்கள் வீட்டுக்காரரின் திட்டம். உங்கள் அத்தையோ, "குழந்தைக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது, காசுக்குப் பிடிச்ச கேடு, அஞ்சு வயசு ஆகட்டும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதினெட்டு வருடமாகக் குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் என் தொழில். என் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நானே செய்த தப்புகளும் உண்டு. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: சிங்கப்பூர் போங்கள், யுனிவர்சலை விட்டுவிடுங்கள். உங்கள் பையன் விமானத்துக்குத் தயார், தீம் பார்க்குக்குத் தயாரில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துப் பேசுவதால்தான் உங்கள் வீட்டில் வாக்குவாதம் முடியவே மாட்டேன் என்கிறது.

விமானத்தை முதலில் பார்த்துவிடுவோம். விமானம் ஏறத் தகுந்த வயது என்று ஒன்று இல்லை. படுத்தும் வயது என்று ஒன்று உண்டு. அது சுமாராக ஒரு வயதிலிருந்து இரண்டு, இரண்டேகால் வரை. ஆறு மாதக் குழந்தை பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிவிடும். ஒன்றரை வயதுக்காரன் அப்படியா? நடக்கத் தெரியும், ஓடத் தெரியும், ஆனால் ஏன் பெல்ட் போட்டு உட்கார வேண்டும் என்று சொன்னால் புரியாது. வேடிக்கை என்னவென்றால், நம் ஆட்கள் அடித்துப்பிடித்து டிக்கெட் போடுவது இந்த வயதில்தான். 2 வயது முடியும் வரை மடியில் வைத்துக்கொண்டே போகலாம், தனி சீட் தேவையில்லை, வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்து சதவீதம் கட்டினால் போதும். "ரெண்டு முடியறதுக்குள்ள ஒரு ட்ரிப் அடிச்சிடணும் மேடம்" என்று கேட்டு வருகிறவர்களுக்கு என் அலுவலகத்தில் குறைவே இல்லை. பயணத்தின் நடுவில் இரண்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால் திரும்பி வரும்போது சீட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது அதில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நானும் அப்படித்தான் போனேன். மூத்தவளுக்கு அப்போது ஒன்றரை வயது. நாலு மணி நேரம் மடியில். முன் சீட்டின் தட்டை இறக்குவதும் ஏற்றுவதுமாக ஒரு மணி நேரம் ஓடியது. அப்புறம் முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். மீதி மூன்று மணி நேரமும் நான் அந்த நடைபாதையில் குனிந்து அவள் பின்னால் நடந்துகொண்டே இருந்தேன். மிச்சம் பிடித்த காசு முதுகுவலித் தைலத்துக்கு ஆனது.

உங்கள் பையன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான். அவனுக்கு எப்படியும் முழு சீட் எடுக்க வேண்டும், அது நல்லதுதான். ஜன்னலோரம் அவன், பக்கத்தில் நீங்கள். சொன்னால் கேட்கிறானா என்பதை விட, சொன்னால் புரிகிறதா என்பது முக்கியம். "லைட் அணைஞ்சதும் பெல்ட் கழட்டலாம்" என்பது புரிகிற பிள்ளையைச் சென்னையிலிருந்து நாலு மணி நேரத்துக்கு எங்கும் அழைத்துப் போகலாம்.

பெற்றோர் பயப்பட வேண்டியது அழுகைக்கு அல்ல, காதுக்கு. மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்க ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. வெளியே காற்றழுத்தம் மாறும்போது அந்தக் குழாய் திறந்து மூடித்தான் உள்ளேயும் அழுத்தம் சமமாகும். குழந்தைகளுக்கு அது குறுகல், கிடையாகவும் இருக்கும், சளி பிடித்தால் அடைத்துக்கொள்ளும். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல. ஊட்டி ஏறத்தாழ 7,300 அடி. அதாவது உங்கள் பையன் ஊட்டி வரை ஏறி இறங்குகிறான். மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் மணிக்கணக்கில் ஏறுவதை விமானம் சில நிமிடங்களில் செய்துவிடுகிறது, அதுதான் வித்தியாசம். ஏறும்போது பெரும்பாலும் பிரச்சினை இல்லை, இறங்கும்போதுதான் காது வலிக்கும். தரையிறங்க அரை மணி இருக்கும்போதே இறக்கம் தொடங்கிவிடும். அந்த நேரம் பையன் தூங்கிக்கொண்டிருந்தால் பாவம் பார்க்காமல் எழுப்புங்கள். தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவு, விழுங்கினால்தான் அந்தக் குழாய் திறக்கும். ஸ்ட்ரா போட்ட பாட்டிலில் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. கைக்குழந்தை என்றால் தாய்ப்பால். மிட்டாய் சப்பச் சொல்லிப் பலர் கொடுப்பார்கள், நாலு வயதுக்குள் கெட்டி மிட்டாய் வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கும். சூடான துணியை டம்ளரில் போட்டுக் காதில் வைக்கும் வைத்தியத்தையும் யாராவது சொல்வார்கள். விமானம் குலுங்கினால் சுட்டுவிடும், வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் சளி, காதுவலி என்று ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இதில் மட்டும் "பார்த்துக்கலாம்" கூடாது.

இன்னொன்று, கொஞ்சம் கோபத்தோடே சொல்கிறேன். "சளி சிரப் கொஞ்சம் கொடுத்தா நல்லா தூங்கிடும்" என்று சொல்லும் உறவினர் எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார். தூக்கம் வரவைக்கும் அந்த அலர்ஜி மருந்துகள் சில குழந்தைகளைத் தூங்க வைப்பதற்குப் பதில் இன்னும் ஆட வைக்கும். அது கூடப் பரவாயில்லை. அந்த வகையைச் சேர்ந்த புரோமெதாசின் என்ற மருந்தை 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இலேயே கடுமையான எச்சரிக்கை போட வைத்தது. 2 வயது தாண்டியதும் அது பாதுகாப்பாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

விமான நேரத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பி விடிகாலையில் இறங்கும் விமானங்கள் வசதியாகத் தெரியும், பிள்ளை தூங்கிவிடுவான் என்று நினைப்போம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 6 மணி என்றால் பையன் உடம்புக்கு ராத்திரி மூன்றரை. ஹோட்டல் அறையோ மதியம் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும். எட்டு மணி நேரம் பெட்டியோடும் சிணுங்கும் பிள்ளையோடும் எங்கே சுற்றுவீர்கள்? பகல் விமானம் கொஞ்சம் விலை கூட இருந்தாலும் எடுங்கள். இல்லையென்றால் அந்த முந்தின ராத்திரிக்கும் சேர்த்து அறை போடுங்கள். என்னிடம் வரும் குடும்பங்களில் முதல் நாளே சண்டை போட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்த விடிகாலை விமானக்காரர்கள்தான்.

கழிப்பறைக்கு ஒரு வார்த்தை. விமானத்தில் ஃபிளஷ் செய்யும்போது வரும் சத்தம் பெரியவர்களையே ஒரு கணம் தூக்கிப்போடும். இப்போதுதான் டயப்பரிலிருந்து வெளியே வந்திருக்கும் பிள்ளை அதைக் கேட்டுப் பயந்து ஐந்து நாளும் கழிப்பறைக்கே போக மாட்டேன் என்று அடம்பிடித்த கதை எனக்குத் தெரியும். அவனை வெளியே அனுப்பிவிட்டு அப்புறம் பட்டனை அழுத்துங்கள்.

சரி, தீம் பார்க்.

யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூரில் 4 வயதுக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை. "பையனுக்கு ஃப்ரீதானே" என்று உங்கள் வீட்டுக்காரர் கணக்குப் போட்டிருப்பார். ஏன் இலவசம் என்பதையும் அவர் யோசித்திருக்கலாம். பெரியவர் டிக்கெட் 80 சிங்கப்பூர் டாலருக்கு மேல், நம் காசில் ஆளுக்கு ஐயாயிரத்தைத் தாண்டும். அதைக் கொடுத்து உள்ளே போனால் உங்கள் மூன்று பேரையும் ஆளப்போவது வயது இல்லை, சென்டிமீட்டர்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 3 வயது ஆண்பிள்ளையின் நடுத்தர உயரம் 96 செ.மீ. நாலு வயதில் 103. ஐந்தில் 110. ஏழு வயதில்தான் 121, 122 வரும். பெண் பிள்ளைகளுக்கு ஒரு செ.மீ. முன்னே பின்னே. இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூங்காவின் விதிகளைப் படியுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்குப் பெரியவர் துணையோடு குறைந்தது 102 செ.மீ. வேண்டும். ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரிக்கு 107. 'மம்மி' என்ற ரோலர் கோஸ்டருக்கு 122. உயரத்தில் சீறும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. போகும் முன்பு அவர்கள் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் படம் இதுதான்: உங்கள் பையனுக்குச் சின்னப் பிள்ளைகளுக்கான ஓரிரண்டு சவாரிகள் கிடைக்கும், மீதிக்கு வாசலில் நிற்கலாம். ஒருவர் பிள்ளையோடு நிற்க, மற்றவர் ஏறிவிட்டு வந்ததும் மறுபடி வரிசையில் நிற்காமல் ஆள் மாறிக்கொள்ளும் வசதி உண்டு, நுழைவாயில் ஊழியரைக் கேட்டால் சொல்வார். ஆனால் அது உங்கள் இருவருக்குமான வசதி. அவன் அங்கே என்ன செய்வான்?

என் இரண்டாமவன் மூன்றரை வயதில் ஒரு வெளிநாட்டுப் பூங்காவில் அந்த உயரப் பலகைக்கு முன்னால் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. குதிகாலைத் தூக்கிக் கழுத்தை நீட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கே இருந்த பெண் அவன் உச்சந்தலையில் மெல்லக் கையை வைத்தாள். குதிகால் கீழே இறங்கியது. கோடு அவன் தலைக்கு மேலே இரண்டு விரல் தள்ளி நின்றது. நாற்பது நிமிடம் வரிசையில் நின்ற பிறகு. அவள்மேல் தப்பே இல்லை. வீட்டிலேயே அளக்காமல் அவனை அழைத்துப் போன என்மேல்தான் தப்பு. உயர விதி அவமானப்படுத்துவதற்காக வைத்ததல்ல, இடுப்பில் இறங்கும் தடுப்புக் கம்பி அந்த உடம்பைப் பிடித்து நிறுத்துமா என்பதற்கான கணக்கு. கெஞ்சி உள்ளே அனுப்பப் பார்க்கும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

உயரத்தைவிடப் பெரிய விஷயம் காத்திருப்பது. மூன்று வயதுப் பிள்ளைக்கு "இன்னும் அரை மணி" என்பதும் "அடுத்த வருஷம்" என்பதும் ஒன்றுதான். சிங்கப்பூரில் வருடம் முழுக்க 31, 32 டிகிரி, வியர்வை காயாது. மதியம் மழை, இடி வந்தால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். நம்மால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியும். அந்த நேரம்தான் அவன் மதியத் தூக்க நேரமும்.

அப்புறம் பயம். இதைப் பெற்றோர் எதிர்பார்ப்பதே இல்லை. டிவியில் பார்த்துச் சிரித்த அதே பொம்மை ஆறடி உயரத்தில், பெரிய தலையோடு, பேசாமல் கையை விரித்துக்கொண்டு வந்தால் இரண்டு மூன்று வயதுப் பிள்ளை வீரிட்டுவிடும். எது நிஜம், எது வேஷம் என்று பிரித்துப் பார்க்கும் அறிவு மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. இருட்டும், திடீர் சத்தமும், முகத்தில் தெறிக்கும் தண்ணீரும் அதன்மேல் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். நம் ஊரிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். வீட்டு மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறானா? மாலில் கை உலர்த்தும் இயந்திரத்தைக் கண்டு ஓடுகிறானா? கோயில் திருவிழாவில் வெடிச்சத்தத்துக்கு உங்கள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறானா? அப்படியானால் அவனிடம் ஒரு குறையும் இல்லை, காலம் வரவில்லை, அவ்வளவே.

என்னைக் கேட்டால், பெரிய தீம் பார்க்குக்கு ஒரு பிள்ளை தயார் என்று நான் நினைப்பது இப்படி: 107 செ.மீ. தாண்டியிருக்க வேண்டும், மதியம் தூங்காமல் சாயங்காலம் வரை தாக்குப்பிடிக்க வேண்டும், "எனக்கு இது வேண்டாம், பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். மூன்றாவதுதான் நிறையப் பேர் விட்டுவிடுவது. சொல்லத் தெரியாத பிள்ளை சவாரியில் ஏறி உட்கார்ந்த பிறகு அழும், அப்போது இறக்க முடியாது. பல பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் கூடிவருவது ஐந்து வயதை ஒட்டி. ஆக, வயது விஷயத்தில் உங்கள் அத்தை ஜெயித்துவிட்டார்.

காரணத்தில் அவர் தோற்றுவிட்டார். ஞாபகம் இருக்காது என்பது உண்மைதான். பெரும்பாலான பெரியவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்தது எதுவும் நினைவில் இல்லை, அதை ஆராய்ந்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் நேற்று ஊட்டிய பருப்பு சாதமும்தான் அவனுக்கு ஞாபகம் இருக்கப்போவதில்லை. முழு ஐந்து நாள் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், ஆபீஸ் போன் அடிக்கவில்லை என்பது அந்தந்த நேரத்தில் அவனுக்குக் கிடைக்கும் சந்தோஷம். அதற்காகச் செலவழிக்கலாம். அவன் ஏற முடியாத சவாரிக்கு வாசலில் நிற்கத்தான் செலவழிக்க வேண்டாம் என்கிறேன்.

அவனுக்கு ஏற்ற சிங்கப்பூர் வேறு ஒன்று இருக்கிறது. மண்டாய் விலங்குக் காட்சிசாலை, பக்கத்திலேயே 2023-இல் திறந்த பேர்ட் பாரடைஸ் என்ற பறவைப் பூங்கா. அங்கே 3 வயதுக்குக் கீழே இலவசம், இந்த இலவசம் நிஜமாகவே உபயோகமானது, ஏனென்றால் ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்க உயரம் தேவையில்லை. கார்டன்ஸ் பை த பே-யில் குழந்தைகள் தோட்டம் என்று ஒன்று, தண்ணீர் பீய்ச்சும் விளையாட்டிடம், நுழைவுக் கட்டணம் கிடையாது. மாற்று உடை எடுத்துப் போங்கள். சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்க அருவி, பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். மெட்ரோ ரயிலே அவனுக்கு ஒரு சவாரிதான். சாப்பாட்டுக்குச் செரங்கூன் சாலைக்கு வந்துவிட்டால் இட்லி, தயிர் சாதம் எல்லாம் கிடைக்கும், 1947-இலிருந்து அங்கே கோமள விலாஸ் உணவகம் இருக்கிறது. இரவில் விலங்குகளைப் பார்க்கும் நைட் சஃபாரி மட்டும் வேண்டாம். அது தொடங்குவதே பிள்ளை தூங்கும் நேரத்தில்.

ஒரு நாளுக்கு ஒரு இடம் போதும். காலையில் போய்விட்டு மதியம் அறைக்கு வந்து தூங்கி, சாயங்காலம் கொஞ்சம் நடந்தால் போதும். "இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்ற வார்த்தை உங்கள் வீட்டுக்காரர் வாயில் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அவருக்கு யுனிவர்சல் ஆசை அடங்கவில்லை என்றால் ஒரு நாள் அவர் மட்டும் தனியாகப் போய்விட்டு வரட்டும். இதைச் சொன்னால் ஆண்கள் ரோஷப்படுகிறார்கள், ஆனால் போய்விட்டு வந்தவர்கள் யாரும் வருத்தப்பட்டதில்லை.

கிளம்பும் முன்பு ஒத்திகை ஒன்று பாருங்கள். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒருமுறை விமானத்தில் போங்கள், ஒரு மணி நேரம்தான், காது எப்படி, பெல்ட் எப்படி என்று தெரிந்துவிடும். தீம் பார்க்குக்கான ஒத்திகையை இன்னும் இரண்டு வருடம் கழித்து நம் ஊரிலேயே நடத்தலாம். ஜனவரியில் தீவுத்திடல் பொருட்காட்சி, ராட்டினம், டெல்லி அப்பளம், நெரிசல், ஒலிபெருக்கி எல்லாம் இருக்கும். மூன்று மணி நேரம் கழித்து "இன்னொரு ரவுண்டு" என்று கேட்டால் அவன் தயார். "அம்மா தூக்கு" என்றால் இன்னும் ஒரு வருடம் போகட்டும். திருப்பதி தர்ம தரிசனக் கம்பார்ட்மென்டில் சிணுங்காமல் உட்கார்ந்து வந்த பிள்ளையை உலகத்தில் எந்த வரிசையிலும் நிறுத்தலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

கடைசியாக ஒரு வேலை. பையனின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். நமக்குப் பத்து வருடம், பிள்ளைகளுக்கு ஐந்து வருடம்தான். சிங்கப்பூர் போக இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும், விசாவும் அவனுக்குத் தனியாக எடுக்க வேண்டும். மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போது எடுத்த பாஸ்போர்ட் என்றால் 4 வயது 9 மாதத்துக்கு மேல் அதை வைத்து அங்கே போக முடியாது. அதாவது அத்தை சொன்ன அந்த ஐந்து வயதுப் பயணத்துக்குப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். போட்டோவில் இருக்கும் முகமும் அதற்குள் ஆளே மாறியிருக்கும்.